படிக்கட்டில் தீக்குச்சி நெடி

நான் படித்தது இரண்டாம் வகுப்புவரைதான். அதுவும் ஜொகூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அதற்காக நான் எங்கேயும் தலை குனிந்ததில்லை. எழுத்துக் கூட்டி எழுதுவேன். எழுதியதை நானே திரும்பப் படிப்பேன். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் இந்த இரண்டையும் செய்கிற பெண்கள் அதிகம் இல்லை. இதையும் நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜாலான் புசார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே இரும்புச் சாமான் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் வயதான சீனத்து அம்மாள் தனியாக இருந்தாள். நான் அவளை ஞோஞா என்று கூப்பிடுவேன். மாடிக்கு வர மரப் படிக்கட்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் அதில் வெளிச்சம் கிடையாது. கொஞ்ச தூரத்தில் பெரிய வாய்க்கால். தண்ணீர் வற்றும் நேரங்களில் அதன் நாற்றம் வீட்டுக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும். வாடைக்குப் பயப்படுகிறவர்கள் அங்கே குடியிருக்க முடியாது. நான் பயப்படுகிறவள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. அவருக்குத் துறைமுகத்தில் வேலை. எந்தக் கப்பல் என்றைக்கு நாகப்பட்டினம் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். நாத்தனார் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவள், பத்தொன்பது வயது. வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்போம். ரசாயனம் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதைச் சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். சோறு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதுபோலச் சொல்வாள்.

கல்லூரியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் சேரும் முன் ரசாயனத்தில் ஒரு தேர்வு. நன்றாக எழுதினால் நேராகப் பட்ட வகுப்பு. இல்லாவிட்டால் ஒரு வருஷம் கீழ் வகுப்பில் உட்கார்ந்து பழைய பாடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். முந்தின வருஷம் எழுதியவர்களில் பாதிக்குமேல் கீழேதான் போனார்களாம். ஊரிலிருந்து மாமியார் கடிதம் போட்டபடி இருந்தார். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, பெண்ணை அனுப்பு என்று. என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது முடிவைச் சொன்னார்.

“நேரா மேல் வகுப்புல எடுத்துக்கிட்டா படி. நான் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கிறேன். ஒரு வருஷம் கீழ உக்காருன்னு சொன்னா, கப்பல்தான் பாப்பா.”

அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தேர்வுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் இரண்டு வாரம்தான் இடைவெளி. அவர் கப்பலில் இடத்துக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாளே அவள் என்னிடம் வந்தாள். தானே கேள்வியைப் படித்தால் பதிலும் கண்ணில் பட்டுவிடுகிறதாம். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றேன். “நான் சொல்றதைத் தமிழ்ல எழுதிக்கங்க அண்ணி. உங்க எழுத்து உங்களுக்குப் புரிஞ்சாப் போதும்” என்றாள்.

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தினமும் ஒரு தாள் கிழிப்போம். அந்தத் தாள்களை நான் எறிவதில்லை. ஒரு பக்கம் தேதியும் ராகுகாலமும், மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தில் அவள் சொல்லச் சொல்லக் கேள்வியை மேலேயும் பதிலைக் கீழேயும் எழுதினேன். சோடியம், குளோரின், நைட்ரேட்டு, அமிலம் பட்டால் நுரைக்கும், சுண்ணாம்புத் தண்ணீரைப் பால் போலாக்கும். ஒரு வாரத்தில் பெரிய கட்டாகச் சேர்ந்துவிட்டது. மத்தியான வேலை முடிந்ததும் கட்டைக் குலுக்கி வைத்துக்கொண்டு கேட்பேன். அவள் தரையைப் பார்த்தபடி பதில் சொல்வாள். தவறினால் நான் உடனே பிடித்துவிடுவேன். பிடிக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் என் வாயிலும் ஏறிவிட்டது. தேக்காச் சந்தையில் காய் வாங்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன். கீரை விற்கிற அம்மா ஒரு நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாருக்கும்மா மந்திரிக்கிறீங்க? எங்க கடைப் பக்கம் திரும்பி ஊதிடாதீங்க” என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முளைக்கீரைக் கட்டை என் கையில் கொடுக்காமல் கூடைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

ஒரு காலை, பாப்பா நூலகத்துக்குப் போயிருந்தபோது, சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே கேள்வி இரண்டு சீட்டில் இருந்தது; ஒன்று வேறொரு சீட்டோடு ஒட்டிக்கிடந்ததால் அதுவரை நான் கேட்டதே இல்லை. ‘சல்பைட்டில் அமிலம் ஊற்றினால் என்ன வாடை?’ ஒன்றில் பதில், அழுகிய முட்டை வாடை. இன்னொன்றில், தீக்குச்சி கிழித்தால் வருகிற நெடி, மூச்சை அடைக்கும். கேள்வியின் எழுத்தில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. என் கைதான் எங்கோ தப்பியிருக்கிறது என்று நினைத்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அண்ணிக்குத் தப்பும் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மனம் வரவில்லை. எனக்கு முட்டைதான் நன்றாக நினைவிருந்தது. தீக்குச்சிச் சீட்டை எடுத்துக் கீழே பின்கட்டில் இருந்த கரி அடுப்பில் போட்டேன்.

அது எரியும்போது சுருண்டு திரும்பியது. அப்போதுதான் மறுபக்கம் தெரிந்தது. ஆடி அமாவாசைத் தாள். நம்மவர்கள் செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். அந்த வருஷம் சீனர்களுடைய ஏழாம் மாதமும் அந்த அமாவாசையை ஒட்டித்தான் பிறந்திருந்தது. அந்த மாதம் முழுக்கச் செத்தவர்கள் வெளியே உலாவுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுக்காக வாய்க்கால் ஓரத்தில் காகிதப் பணம், காகிதச் சட்டை எல்லாம் எரிப்பார்கள்.

ஞோஞா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வோம். அது என்ன காகிதம் என்று கேட்டாள். பாடம், தப்பாக எழுதியது, வேண்டாம் என்றேன். அவள் அடுப்பைப் பார்த்து, “சுடா கிரிம் லா” என்றாள். அனுப்பியாயிற்றாம். இந்த மாதத்தில் எரித்தால் அது போய்ச் சேர்ந்துவிடுமாம். யார் வாங்கிக்கொள்வார் என்று நான் கேலியாகத்தான் கேட்டேன். “சியாப்பா துங்கு, டியா அம்பில்” என்றாள். யார் காத்து நிற்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேலி செய்ததற்குக் கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு படியேறினேன். மேலிருந்து நாலாவது படியில் கால் வைத்ததும் தீக்குச்சி நெடி மூக்கில் குத்தியது. யாரோ இப்போதுதான் கிழித்ததுபோல. கீழே ஆள் இல்லை, மேலேயும் ஆள் இல்லை. தெருவில் காகிதம் எரிகிற புகை என்று சொல்வீர்கள். காகிதப் புகை எனக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க அதைத்தான் மூச்சாக இழுத்தோம். இது வேறு. தீக்குச்சி நெடி கிழித்த நொடியில் வந்து உடனே போய்விடும். அங்கே அது போகவில்லை. அந்தப் படியில் மட்டும், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு, அப்படியே நின்றது. ஐந்தாவது படியில் இல்லை, மூன்றாவதில் இல்லை.

தீப்பெட்டியை எடுத்து என் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டினேன். அடுப்புக்குக் கீழ்க்கடைத் தேநீர் அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வந்து மூட்டினேன். நெடி குறையவில்லை. என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “வாய்க்கா நாத்தத்துல உனக்கு இது வேற தனியாத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். தினமும் அந்தப் படியில் ஏறி இறங்குகிற மனிதர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சீட்டுக் கட்டிலும் ஒன்று நடந்தது. எவ்வளவு குலுக்கினாலும் மேலே வந்து உட்காருவது சல்பைட்டுச் சீட்டு. மிச்சம் இருந்த முட்டைச் சீட்டு. முதல் நாள் தற்செயல் என்றேன். நாலைந்து நாள் அப்படியே வந்தது. கட்டை இரண்டாகப் பிரித்து அதை நடுவில் நானே செருகினேன். வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பினால் மேலே இருந்தது. அதன் ஒரு ஓரம் பழுப்பாகிக்கொண்டு வந்தது, தணலுக்குப் பக்கத்தில் வைத்த காகிதம்போல. நான் அதைக் கையில் எடுத்து, குரல் மாறாமல் கேட்பேன்.

“சல்பைட்டுல அமிலம் ஊத்தினா என்ன வாடை?”

“அழுகின முட்டை.”

“சரி.”

ஒவ்வொரு முறை சரி என்று சொல்லும்போதும் படிக்கட்டுப் பக்கம் என் கண் தானாகப் போகும். அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது பாப்பா மழையில் நனைந்து வந்தாள். தலையில் நீர் கோத்து மூக்கு அடைத்துக்கொண்டது. மிளகுக் கஷாயம் வைத்தேன், யூக்கலிப்டஸ் தைலம் போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். மூக்கு திறக்கவே இல்லை. சாம்பிராணி போட்டால் புகைதான் தெரிகிறது, வாசனை இல்லை என்றாள். பெருங்காயக் கட்டியை அவள் மூக்குக்குக் கீழே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணி இது, கல்லா?” என்றாள்.

அப்போதுதான் அவள் முதல்முறையாகப் பயந்தாள். தேர்வில் எழுதுவது மட்டும் இல்லையாம். ஒரு மேசையில் பெயர் இல்லாத உப்பு வைத்திருப்பார்களாம். அமிலம் ஊற்றி, வருகிற வாடையை முகர்ந்து அது என்ன உப்பு என்று எழுத வேண்டுமாம். வேறு எதையும் வைத்துச் சோதித்துப் பார்க்க விடமாட்டார்களாம். நிறைய மதிப்பெண் அதற்குத்தானாம். “மூக்கு இல்லாம அந்த மேசைக்கு முன்னாடி நின்னு நான் என்ன அண்ணி செய்வேன்?” என்று கேட்டாள். பக்கத்து அறையில் அவளுக்காக எடுத்து வைத்த பெட்டி இருந்தது. கப்பலுக்கான பெட்டி. அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் பேசினாள்.

தேர்வன்று காலை என் வீட்டுக்காரர் முன்னாலேயே வேலைக்குப் போய்விட்டார். பாப்பா வெள்ளைச் சேலை கட்டி, பேனாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு முன்னால் இறங்கினாள். குடையோடு நான் பின்னால். நாலாவது படியில் அவள் நின்றுவிட்டாள். கொஞ்சம் விட்டிருந்தால் நான் அவள்மேல் மோதியிருப்பேன்.

“யாரு அண்ணி இங்க குச்சி கிழிச்சது?”

அன்று காலையில்தான் பெருங்காயத்தை மறுபடி பிடித்துப் பார்த்திருந்தேன். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை என்று சொன்ன பெண் இவள்.

“உனக்குத் தெரியுதா?” என்றேன்.

“நல்லாத் தெரியுது. மூச்சை அடைக்குது.”

இதற்குமேல் எதை மறைப்பது? அந்த இருட்டில், படியில் நின்றபடியே சொன்னேன். இரண்டு சீட்டு ஒரே மாதிரி இருந்தது, ஒன்றைத் தப்பென்று நினைத்து அடுப்பில் போட்டேன், உன்னிடம் கேட்கவில்லை என்று. ஞோஞா சொன்னதைச் சொல்லவில்லை. எரித்த சீட்டில் என்ன பதில் இருந்தது என்று கேட்டாள். தீக்குச்சி நெடி என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலை அழுக்காகும் என்றுகூட நினைக்கவில்லை. பிறகு தனக்குத்தானே இரண்டு சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“தப்பில்ல அண்ணி. அது ரெண்டு உப்பு. இங்கிலீஷ்ல ஒண்ணு கடைசில மெத்துன்னு முடியும், அது முட்டை. இன்னொண்ணு வெட்டி முடியும், அதுதான் குச்சி. நான் தமிழ்ல சொல்லும்போது ரெண்டுமே ஒரே ட்டாத்தான் விழுந்திருக்கு. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

ஒரு மாதமாக நான் முட்டையை மட்டும் கேட்டுக் கேட்டு, இன்னொன்று அவள் மனத்திலிருந்து உதிர்ந்தே போயிருந்தது. அதை அவளே சொன்னாள், கோபமில்லாமல். அந்தப் படியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து இழுத்து, வெட்டி முடிகிற அந்தச் சொல்லையும் அதன் பதிலையும் நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள். பேருந்து நிறுத்தம்வரை நான் கூடப் போனேன்.

திரும்பி வந்து படியேறினேன். நாலாவது படியில் நின்றேன். மர வாசனை, கீழ்க்கடை எண்ணெய் வாசனை. வேறு எதுவும் இல்லை. இத்தனை நாள் அங்கே நின்றது அன்றைக்கு அங்கே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். உலை வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்குப் பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். எழுதியது பரவாயில்லை என்றாள். உப்பைப் பற்றிக் கேட்டேன்.

“வெள்ளையா இருந்துச்சு. அமிலம் ஊத்தினேன், நுரைச்சுது. குனிஞ்சு இழுத்தேன். ஒண்ணுமே தெரியல. சுடுதண்ணி ஆவி மாதிரிகூட இல்ல. மேற்பார்வை பாக்குறவர் நேரமாச்சுன்னு சொல்றாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் நம்ம படிக்கட்டு வந்துச்சு அண்ணி.”

நினைப்பு வந்ததா என்று கேட்டேன்.

“நெனப்பு இல்ல. வாடை. பக்கத்துல யாரோ வந்து நின்ன மாதிரி. திரும்பிப் பாத்தேன், யாரும் இல்ல. குச்சி உப்புன்னு எழுதிட்டு வந்துட்டேன்.”

நான் எழுந்து போய்ப் பெருங்காயத்தை எடுத்துவந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தேன். அவள் இழுத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அவள் மூக்கு திறக்க அதன் பிறகும் ஒரு வாரம் ஆயிற்று.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கல்லூரிக் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நேராக மேல் வகுப்பு. மேசையில் வைத்த உப்பைச் சரியாகச் சொன்னவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தானாம், அதையும் எழுதியிருந்தார்கள். அவர் கடிதத்தை மடித்துத் தங்கையிடம் கொடுத்து, “அம்மாவுக்கு நான் எழுதிக்கிறேன்” என்றார். பிறகு பக்கத்து அறைக்குப் போய், கட்டியிருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். வியாழக்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து வந்தவர், “கப்பல் கிளம்பிடுச்சு” என்று மட்டும் சொன்னார். பாப்பா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் அதுவரை ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

ஞோஞாவிடம் நடந்ததை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “சுடா பூலாங்” என்றாள். அனுப்பியது திரும்பி வந்துவிட்டதாம். வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது யார் என்று இந்த முறை கேலி இல்லாமல் கேட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, “ஜாங்ஙான் தான்யா” என்றாள். அதைக் கேட்காதே.

நான் கேட்கவில்லை. பாப்பா படித்து, வேலைக்குப் போய், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கடைவீட்டை இடித்து வெகுகாலம் ஆகிறது. நான் இப்போது பாசிர் ரிஸில் ஆறாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறேன். அடுப்புக்குத் தீக்குச்சி வேண்டாம், திருகினால் எரிகிறது. எழுத்துள்ள காகிதம் எதையும் அன்றிலிருந்து நான் எரித்ததில்லை. பழைய மின்சாரக் கட்டணச் சீட்டைக்கூட.

அந்த நாள்காட்டிச் சீட்டுக் கட்டும் என்னிடம்தான் இருக்கிறது. நூல் போட்டுக் கட்டி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணி அடுக்கும்போது கைக்குத் தட்டுப்படும். மேலே இருப்பது எந்தச் சீட்டு என்று நான் பார்ப்பதில்லை.